3 டன் ஜாக்கி ஸ்டாண்டு ஜோடி: ஹேண்ட் பிரேக் வேலைக்காக வாங்கியது, ஆறு மாத அனுபவம்

சித்திரையில் வாங்கிய ஜாக்கி ஸ்டாண்டு (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி) இரண்டும், அவற்றோடு எடுத்த, சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியும் எங்கள் கோட்டையூர் வீட்டுப் பின்கட்டில் ஆறு மாதமாக இருக்கின்றன. ஸ்டாண்டு ஜோடி 2,200 ரூபாய். ஜாக்கி 3,400 ரூபாய். காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் எடுத்தேன். காரின் ஹேண்ட் பிரேக்கை வீட்டிலேயே சரிசெய்ய வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கியவை. அதனால் அந்த வேலையை வைத்தே இவற்றைப் பற்றி எழுதுகிறேன். பஞ்சர் ஆன சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதற்கு மட்டும் என்றால் வண்டியோடு வந்த ஜாக்கியே போதும், இந்தச் செலவு தேவையில்லை.

எனக்குத் தொழில் பலகாரம். கல்யாணச் சீருக்கு மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை என்று ஆர்டர் எடுத்து வீட்டில் செய்து, தகர டின்களில் அடைத்து, நானே காரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், சில சமயம் தேவகோட்டை வரை. வண்டி 2012 மாடல், சின்ன பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக் லிவரைத் தூக்கினால் கேபிள் இழுப்பது இந்தப் பின் டிரம்களுக்குள் இருக்கும் லைனிங்கைத்தான். அது டிரம்மின் உள்பக்கத்தில் அழுந்தித்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது.

இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெருவைவிட வீடு நல்ல உயரத்தில் நிற்கும். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். எங்கள் பின்வாசலில் வண்டி ஏறுவதற்குப் பத்தடி நீளத்தில் ஒன்றரை அடி ஏற்றமாக ஒரு சரிவு கட்டியிருக்கிறோம். அடுப்படி அந்தப் பக்கம்தான் என்பதால் டின் ஏற்றுவது, இறக்குவது எல்லாம் அங்கேதான்.

போன மாசியில் நடந்தது இது. காரைக்குடியிலிருந்து ஒரு மூட்டை சர்க்கரையும் நான்கு டின் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு வந்தேன். சரிவில் பாதி ஏற்றி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுக்கத் தூக்கிவிட்டு, கதவைத் திறக்க இறங்கினேன். கியரில் போட்டுவிட்டு இறங்கியிருக்க வேண்டும், நியூட்ரலில் விட்டது என் தவறு. அத்தை பையை வாங்கிக்கொள்ள வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. சத்தமே இல்லை. நான் ஓடிவந்து உள்ளே பாய்ந்து காலால் பிரேக்கை மிதித்தேன். நகர்ந்தது ஒரு சாண். அத்தைக்கும் பம்பருக்கும் இடையில் மீதி இருந்தது இரண்டு சாண். அத்தைக்கு 78 வயது. அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாளே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்றார்கள். லிவரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்ளே கேபிள் முனையில் இருக்கும் நட்டை முறுக்கிவிட்டிருந்தார்கள். அதுவரை பதினொரு ‘கிளிக்’ சத்தம் கேட்கும் வரை ஏறியும் பிடிக்காத லிவர் நான்காவது கிளிக்கிலேயே பிடித்தது. நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது வாரம் தேவகோட்டைக்கு டின் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது காருக்குள் ஒரு கருகல் வாடை. இறங்கிப் பார்த்தால் இடது பின் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அப்படி அனல். வலது சக்கரம் சாதாரணமாக இருந்தது.

எதிர்வீட்டு அண்ணன் அரசு பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொன்னேன்.

“நட்டை முறுக்குறது கடைசி வேலை ஆத்தா. உள்ள லைனிங் டிரம்முக்கு எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு பாக்காம கேபிளை இழுத்துக் கட்டுனா, ஒரு பக்கம் உரசிக்கிட்டே ஓடும், இன்னொரு பக்கம் சும்மா சுத்தும். ரெண்டு பின் சக்கரத்தையும் அந்தரத்துல நிறுத்திக் கையால சுத்திப் பாரு. கோளாறு எதுலன்னு அதுவே சொல்லும்.”

“நீங்க வந்து பாக்குறீங்களாண்ணே?”

“முழங்கால் மடங்கலியே ஆத்தா. நாற்காலி போட்டு உக்காந்து சொல்றேன், நீ செய். ஆனா ஸ்டாண்டு வாங்கிட்டு வா. வெறும் ஜாக்கியில நிக்கிற வண்டிக்கு அடியில கைய விட்டேன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்.”

ஏன் அப்படிக் கறாராகச் சொன்னார் என்பதை அப்புறம்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். டிராலி ஜாக்கி எண்ணெய் அழுத்தத்தில் தூக்குகிறது. உள்ளே சீல் கொஞ்சம் கசிந்தாலும் மெதுவாகவோ சட்டென்றோ இறங்கிவிடும். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி அடி குறுகியது, பக்கவாட்டில் சாயும். இவை தூக்குவதற்கு. தாங்குவதற்கு ஸ்டாண்டுதான். அதிலும் ஹேண்ட் பிரேக் வேலை மற்ற வேலைகளைப் போல இல்லை. வழக்கமாக வண்டியைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் தூக்குவோம். இந்த வேலையில் அதையே விடுவித்து வைக்க வேண்டும். வண்டி நகராமல் பிடிப்பது முன் சக்கரங்களுக்கு வைக்கும் கட்டையும் கியரும் மட்டும்தான்.

சரி, ஸ்டாண்டுக்கு வருகிறேன். எந்தப் பெயர் ஒட்டியது என்று எழுதவில்லை, எழுதினாலும் பிரயோஜனம் குறைவு. ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பவை வேறு வேறு பெயர் ஒட்டி விற்கப்படுகின்றன. நான் வாங்கிய கடையிலேயே மூன்று பெயரில் இருந்தன, நிறம் மட்டும்தான் வித்தியாசம். ஆகையால் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

நான் அப்படிப் பார்க்காமல் எடுத்து வந்ததால் முதல் ஜோடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றி ஓடும் கருங்கல் பலகை நல்ல மட்டம். அதில் வைத்துப் பார்த்தபோது ஒரு ஸ்டாண்டு நாலு காலும் படியாமல் ஆடியது. பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டை மடித்து வைத்தால் ஆட்டம் நின்றது, அவ்வளவுதான் குறை. ஆனால் மேலே கார் உட்காரப் போகிறது. மறுநாள் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் இன்னும் மூன்று ஜோடியை எடுத்துக் கடைத் தரையின் கிரானைட்டில் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொன்னார். அசையாத ஜோடியை எடுத்து வந்தேன். நீங்களும் கடையிலேயே தட்டிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அடுத்தது பல். ஸ்டாண்டின் நடுத்தண்டை உயர்த்தினால் ‘டக், டக்’ என்று ஒவ்வொரு பல்லாக ஏறி நிற்கும். கைப்பிடியைத் தூக்கினால்தான் இறங்கும். ஒவ்வொரு பல்லிலும் கொண்டி முழுசாக உள்ளே விழுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பாதியில் தொத்திக்கொண்டு நின்றால் வாங்கக் கூடாது. என்னுடையதில் பல் நன்றாக விழுகிறது. அதோடு குறுக்கே செருகும் இரும்புப் பின் (ஆணி மாதிரி) ஒன்றும் இருக்கிறது, பல் வழுக்கினாலும் அந்தப் பின் தாங்கும். பின் இல்லாத மாடல் 300 ரூபாய் குறைவு. அந்த 300 ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

லேபிளில் 3 டன் என்று இருப்பது ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று கேளுங்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. என்னுடையது ஜோடிக்கு. அதுவே என் வண்டிக்குத் தாராளம். சின்ன காரின் வெறும் எடை ஒரு டன்னுக்குள்தான், அதிலும் இன்ஜின் முன்னால் இருப்பதால் பின்பக்கம் பாதிக்கும் குறைவான எடைதான் வருகிறது. பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

உயரத்தைத் துணி அளக்கும் டேப்பால் அளந்தேன். இறக்கி வைத்தால் 29 செ.மீ., முழுக்க ஏற்றினால் 42. இந்த அளவை ஜாக்கியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடையில் இருந்த விலை குறைந்த ஜாக்கி 33 செ.மீ. வரைதான் தூக்கும். ஸ்டாண்டின் தாழ்ந்த அளவே 29 என்றால், மீதி நான்கு செ.மீ.யில் ஸ்டாண்டை உள்ளே தள்ளி, நேராக வைத்து, வண்டியை இறக்க வேண்டும். மட்டுமட்டு. நான் 38 செ.மீ. தூக்கும் ஜாக்கியைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து எடுத்தேன். இந்த ஒரு முடிவுதான் பின்னால் வேலையைச் சுலபமாக்கியது.

எங்கே வைத்து வேலை செய்வது என்பதற்கே ஒரு நாள் யோசித்தேன். முகப்பில் நிழல் இருக்கிறது, மழை படாது. ஆனால் தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ண சிமெண்டை ஊற்றிக் கையால் செய்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிற கல் அது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும், ஆனால் கூரான இரும்புக் கால் நான்கில் காரின் எடை இறங்கினால் தாங்காது. வெறும் ஸ்டாண்டை ஓரமாக வைத்து ஒரு விரற்கடை இழுத்ததற்கே வெள்ளையாகக் கோடு விழுந்தது. இன்னும் அந்தக் கோடு இருக்கிறது. வெளியே செம்மண் தரையில் வைத்தால் கால் மண்ணில் இறங்கிச் சாயும். கடைசியில் பின்கட்டு சிமெண்ட் தளத்தில், பரணில் கிடந்த பர்மா தேக்குப் பலகைத் துண்டுகளை ஸ்டாண்டுக்கு அடியில் போட்டு வைத்தேன். ஒன்றரை அங்குலக் கனம், ஸ்டாண்டின் அடியைவிட நாலாபுறமும் அகலம். பலகை அகலமாக இருக்க வேண்டும், துண்டு துண்டாக அடுக்கக் கூடாது.

ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். அண்ணன் நாற்காலியோடு வந்துவிட்டார். வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் மரக் கட்டை வைத்தேன். செங்கல் வைக்கப் போனேன், அண்ணன் விடவில்லை, செங்கல் நொறுங்கும் என்றார். முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் கியரில் போட்டாலும் பின் சக்கரம் இரண்டும் கையால் சுற்ற வரும். ஜாக்கியை எங்கே வைக்கலாம், ஸ்டாண்டை எங்கே வைக்கலாம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் படமாக இருக்கிறது. என் வண்டிக்குப் பின் அச்சின் நடுவில் ஜாக்கி, பக்கவாட்டு விளிம்பில் வெட்டுக் குறி இருக்கும் இடத்தில் ஸ்டாண்டு. எல்லா வண்டிக்கும் இதே இடம் இல்லை, தப்பான இடத்தில் வைத்தால் தகடு அமுங்கிவிடும்.

நடுவில் தூக்கியதால் இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகவே எழும்பின. இரண்டு ஸ்டாண்டையும் ஒரே எண்ணிக்கைப் பல்லில் வைத்து, பின்னைச் செருகி, ஜாக்கியை மெதுவாகத் தளர்த்தினேன். வண்டி ‘நொய்ங்’ என்று ஒரு முனகலோடு ஸ்டாண்டில் உட்கார்ந்தது. இடுப்பை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அதற்கு அப்புறமும் ஸ்டெப்னியை எடுத்துப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் படுக்கப் போடச் சொன்னார் அண்ணன். எது தவறினாலும் அதன் மேல் உட்காரட்டும் என்று.

இனி இந்த ஸ்டாண்டு எதற்குப் பணம் வாங்கியதோ அந்த இடம். ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு இடது சக்கரத்தைச் சுற்றினேன். அரைச் சுற்று சுற்றுவதற்குள் ‘சர்ர்’ என்று உரசி நின்றுவிட்டது. வலது சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினேன், நான்கு சுற்று சுற்றியது. லிவரை மூன்று கிளிக் தூக்கச் சொன்னார். இடது கல்லாக இறுகியது. வலது இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதாவது மூன்று வாரமாக நான் நம்பிக்கொண்டிருந்த ஹேண்ட் பிரேக், ஒரே ஒரு சக்கரத்தின் பிரேக். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. இரண்டையும் அடுத்தடுத்துச் சுற்றிப் பார்த்தால்தான் தெரிகிறது.

காரணத்தை அண்ணன் விளக்கினார். டிரம்முக்குள் லைனிங் தேயத் தேய, அதை டிரம்முக்குப் பக்கமாகத் தானே நகர்த்திக்கொள்ள ஒரு சின்னப் பல் சக்கரம் இருக்கிறது. ஸ்டார் வீல் என்பார்கள். என் வண்டியில் வலது பக்கத்து ஸ்டார் வீல் தூசியும் துருவும் ஏறி இறுகிப்போயிருந்தது. அதனால் அந்தப் பக்கம் லைனிங் தூரத்திலேயே நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கேபிளை முறுக்கியபோது இடது பக்கம் சீக்கிரமே போய் ஒட்டிக்கொண்டது, லிவரை இறக்கினாலும் திரும்பவில்லை. கேபிள் எப்போதும் இழுத்தபடியே இருந்தால் லைனிங் தன் இடத்துக்கு வந்து உட்காராது, தானாக நகரும் ஏற்பாடும் சரியாக வேலை செய்யாது. ஆகவே நட்டை முறுக்குவது சின்ன வேலையாகத் தெரிந்தாலும், தப்பான நேரத்தில் செய்தால் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது.

முதலில் நட்டை முழுக்கத் தளர்த்தினோம். இதற்கு ஒரு குறிப்பு: கேபிள் முனையின் மரை நட்டுக்கு மேலே நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரண பாக்ஸ் ஸ்பேனர் அதில் இடித்து நட்டைப் பிடிக்காது. குழி ஆழமான நீள பாக்ஸ் வேண்டும். என் வண்டிக்கு 10 நம்பர். அதை வாங்க அன்று காலை ஒரு தடவை காரைக்குடிக்குத் தம்பி மகனை அனுப்ப வேண்டியதாயிற்று.

தளர்த்தியதும் இடது சக்கரமும் லேசாகச் சுற்றியது. அப்புறம் சாக்கை விரித்துப் படுத்து, வலது சக்கரத்தின் பின் தட்டில் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றினேன். ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் ஸ்டார் வீலின் பற்கள் தெரிந்தன. விளிம்பில் செம்மண்ணும் கறுப்புத் தூசியும் அப்பியிருந்தது. வாயால் ஊதப் போனேன். “ஊதாத ஆத்தா!” என்று அண்ணன் சத்தம் போட்டார். லைனிங் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருந்தது. நனைத்த துணியால் ஒற்றி எடுத்தேன். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டேன். ஸ்டார் வீல் மரையில் மட்டும் படுமாறு ஒரு சொட்டு துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம். லைனிங்கில் எண்ணெய் பட்டுவிடக் கூடாது, பட்டால் அந்தப் பக்கம் பிரேக்கே பிடிக்காது. ஒரே ஒரு சொட்டு, அதுவும் குச்சியின் நுனியில் தொட்டு வைத்தது.

பிறகு தட்டை ஸ்க்ரூடிரைவரால் பல்லை நெம்பினேன். முதல் இரண்டு பல்லுக்குப் பலம் வேண்டியிருந்தது. மூன்றாவதிலிருந்து ‘கடக், கடக்’ என்று வந்தது. ஒவ்வொரு பல்லுக்கும் வெளியே வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பதினான்காவது பல்லில் லைனிங் தொட்டது. இன்னும் ஒரு பல்லில் சக்கரம் கனமாகச் சுற்றியது. அங்கிருந்து பின்னால் வர வேண்டும். அதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவரால் உள்ளே இருக்கும் சின்னக் கொண்டியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பல்லைத் திருப்ப வேண்டும். மூன்று பல் பின்னால் வந்ததும் உரசல் நின்றது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரிதான். கையில் தெரிகிற பதம். இடது பக்கத்தையும் அதே அளவுக்குக் கொண்டுவந்தேன்.

காலால் பிரேக்கை இருபது தடவை மிதிக்கச் சொன்னார், லைனிங் நடுவில் வந்து உட்கார. லிவரையும் நான்கைந்து தடவை பலமாகத் தூக்கி இறக்கினேன். அதன் பிறகுதான் நட்டு. ஒரு சமயத்தில் அரைச் சுற்று மட்டும் முறுக்கி, லிவரைத் தூக்கி, இறங்கிப் போய் இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும். கடைசியில் இப்படி நின்றது: ஒரு கிளிக்கில் இரண்டும் தாராளமாகச் சுற்றின. மூன்றில் இரண்டிலும் மெல்லிய உரசல். ஐந்தில் இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால்தான் அசைந்தது. ஆறில் இரண்டுமே அசையவில்லை. லிவரை முழுக்க இறக்கினால் இரண்டும் சத்தமில்லாமல் சுற்றின. இந்தக் கடைசிச் சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை. பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள், விடுகிறதா என்று பார்க்க மாட்டார்கள். டிரம் பிரேக் கார்களில் பொதுவாக ஐந்திலிருந்து எட்டு கிளிக்குக்குள் பிடிக்க வேண்டும், உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும். முதல் கிளிக்கிலேயே மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா, இறக்கினால் அணைகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

மணி பதினொன்றரை. அண்ணனுக்குக் கும்மாயமும் காபியும் கொடுத்தேன். கூலி வாங்க மறுத்துவிட்டார், அரைக் கிலோ தேன்குழல் மட்டும் பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அதே சரிவில் சோதனை. டின்களில் அரிசி நிரப்பி ஏற்றி, வண்டியைப் பாதிச் சரிவில் நிறுத்தி, ஆறு கிளிக் தூக்கி, நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். இருக்கையிலேயே இருந்தேன், பின்னால் யாரையும் நிற்கவிடவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுத் தம்பி மகன் எட்டி நின்று பார்த்தான். ஐந்து நிமிடம் கழித்தும் கோடு கோடாகவே இருந்தது. மறுநாள் கானாடுகாத்தான் போய் வந்ததும் இரண்டு பின் சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் காட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடு.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்டாண்டின் தலையில் ரப்பர் இல்லை, வெறும் இரும்பு. வண்டியின் அடி விளிம்பில் பெயிண்ட் கொஞ்சம் உரிந்துவிட்டது. இப்போது பழைய சைக்கிள் டயரை வெட்டி வைத்துக்கொள்கிறேன், கம்பெனியே 50 ரூபாய் கூட்டி ஒரு ரப்பர் கொடுத்திருக்கலாம். பின்னைக் கட்டியிருக்கும் சங்கிலி மெல்லியது, இரண்டாம் மாதமே ஒன்று அறுந்தது. கம்பியால் கட்டியிருக்கிறேன். சக்கரத்துக்கு வைக்கும் கட்டை இதோடு வருவதில்லை. ஹேண்ட் பிரேக் வேலைக்கு அது இல்லாமல் ஆகாது, தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது தச்சரிடம் நல்ல மரத்தில் முக்கோணமாக வெட்டிக்கொள்ளுங்கள். என்னைக் கோபப்படுத்தியது உள்ளே இருந்த காகிதம். உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில். தமிழ்நாட்டில் விற்கிறார்கள், பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகள் வாங்குகிறார்கள். தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்க எவ்வளவு ஆகிவிடும்?

ஜாக்கியைப் பொறுத்தவரை தூக்குவதில் குறை இல்லை. இறக்கும்போது கைப்பிடியைத் திருப்புவதில் நிதானம் வேண்டும், கொஞ்சம் கூடத் திருப்பினாலும் சட்டென்று விழுகிறது. ஆறு மாதத்தில் எண்ணெய் கசியவில்லை.

பின்னாலும் டிஸ்க் இருக்கும் வண்டி, லிவருக்குப் பதில் பட்டன் இருக்கும் வண்டி எல்லாம் வேறு கணக்கு. பட்டன் வண்டியில் மோட்டார்தான் பிரேக்கை இழுக்கிறது, அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் கை வைக்கக் கூடாது. டிரம் வண்டியிலும் பின் தட்டில் ஈரமாகப் பிரேக் ஆயில் தெரிந்தாலோ, நட்டை மரையின் கடைசி வரை முறுக்கியும் பிடிக்காவிட்டாலோ நிறுத்திவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். லைனிங்கோ கேபிளோ சிலிண்டரோ மாற்ற வேண்டியிருக்கும். என் வண்டியில் லைனிங் போன வருடம்தான் மாற்றியது, அதனால் தைரியமாக இறங்கினேன்.

5,600 ரூபாய் கொடுத்ததற்கு எனக்கு வருத்தம் இல்லை. ஸ்டாண்டுக்கு ஐந்துக்கு நான்கு, ஜாக்கிக்கு மூன்றரை கொடுப்பேன். இந்த ஆறு மாதத்தில் எங்கள் தெருவில் இரண்டு பேர் இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள். கொடுக்கும்போது தேக்குப் பலகையையும் கட்டைகளையும் சேர்த்தே கொடுத்தேன். இப்போது மாதம் ஒரு தடவை, முதல் தேதியன்று, அதே சரிவில் கிளிக்கை எண்ணி அடுப்படிக் காலண்டரில் குறித்து வைக்கிறேன். நான்கு மாதம் ஆறிலேயே இருந்தது. போன மாதமும் இந்த மாதமும் ஏழு. எட்டைத் தாண்டினால் மறுபடியும் ஸ்டாண்டை எடுக்க வேண்டும். அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.